பீரோவில் பூட்டிய மாத்திரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் 'பிரேக் அக்கா' என்று பெயர். பக்கத்து சீட்டிலிருந்து அவள் போடும் அதட்டலில் பயந்தாங்கொள்ளிகள்கூட நேராக ஓட்டிவிடுவார்கள். மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்த பிறகும் வேலைக்கு வந்தவள். நோய் முதுகெலும்புக்கு இறங்கியதும்தான் வீட்டோடு முடங்கினாள்.

புரண்டு படுத்தால் உயிர் போய் உயிர் வந்தது. டாக்டரம்மா மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்து, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் காலையும் இரவும் போடச் சொன்னார்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். நல்ல மனுஷன்தான். சமைப்பார், அவள் துணியைத் துவைப்பார், கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போவார். ஆனால் மார்ஃபின் என்ற பேரைக் கேட்டதும், அது அபினிச் சரக்காச்சே என்று மிரண்டுபோனார். சொந்த அண்ணன் குடியில் சீரழிந்ததைப் பார்த்தவர். மாத்திரையைப் பீரோவில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இரவில் மட்டும், அதையும் பாதியாக உடைத்துக் கொடுத்தார். பழகிவிட்டால் விடாது, கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள் என்பார்.

அவளும் கடித்துக்கொண்டாள். இன்னொன்று கேட்டால் போதைக்கு அலைகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சம். பார்க்க வந்த நாத்தனார் வேறு, தன் தம்பி அவளைத் தாங்கு தாங்கென்று தாங்குவதாகப் பூரித்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் மத்தியானம் அவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினார். சோபாவில் சாய்ந்து, "அப்பாடா" என்றார்.

சுவரைப் பிடித்து நின்றபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்; இந்த மனுஷனுக்கு வந்தும் தெரியவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் மாத்திரையைக் கேட்டாள். ராத்திரி தருகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். வழக்கம்போல வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

"பரவாயில்ல டாக்டர். தாங்கிக்கிறா."

"வலி உங்களுக்கா, எனக்கா?" என்றாள் அவள்.

பாதி மாத்திரை, பீரோ, சாவி எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா அவரைக் கண்டிக்க வாயெடுத்ததும் அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும்தான் டாக்டர். போன தடவை அவர் முகத்தைப் பார்த்துதானே கேட்டீங்க? நோய் என் உடம்புலதான இருக்கு?"

டாக்டரம்மா மழுப்பவில்லை. தப்புதான் என்று ஒப்புக்கொண்டு, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டு, எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்று முதலிலிருந்து கேட்டார். மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை அது, உடைத்தால் மருந்து முழுக்க ஒரேயடியாக இறங்கிவிடும், ஆபத்து என்று அவரிடம் சொன்னார். புற்றுநோய் வலிக்குச் சொன்ன அளவில் போடுவதும் போதைக்கு அலைவதும் ஒன்றில்லை என்றார். அளவைப் புதிதாகத் தீர்மானித்து, மாத்திரையால் வரும் மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சாவியை நீட்டினார். சாவி வேண்டாம், மாத்திரையை எடுத்துத் தலையணைப் பக்கத்தில் வையுங்கள் என்றாள்.

வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் புரண்டு படுக்க முடிந்தது. ஓட்டுநர் பள்ளிக்குப் போய், பயிற்சிக் காரில் ஏறாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி சாலை விதிகளைச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. அவர்தான் காரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் காரை நிறுத்தி மெல்லக் கேட்டார்.

"இன்னும் கோபமா?"

"ஆமாங்க. இவ்வளவு நாள் கோபப்படக்கூடத் தெம்பு இல்லாம கிடந்தேன். இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்."

அவர் தலையாட்டிவிட்டு, அவள் இறங்குவதற்குக் கார் கதவைத் திறந்து பிடித்தார்.