நாற்பத்தேழாம் நாக்கு

படகு ஜெனரேட்டரை ஐம்பது ஹெர்ட்ஸில் ஓட்ட வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும். என் அண்ணனுக்கு மட்டும் தெரியாது. அவர் நாற்பத்தேழில்தான் வைப்பார். மோட்டார் சூடாகும், கம்ப்ரசர் திணறும் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும், "இஞ்சின் மூச்சு வாங்காம ஓடுதுடா, உனக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் படகுகள் ஒரே பட்டறையில் கட்டிய இரட்டைகள். அதே இஞ்சின், அதே ஜெனரேட்டர், அதே மீட்டர். போன மழைக்காலத்தில் கூட வர ஆள் கிடைக்காமல் அண்ணன் தனியாகக் கடலுக்குப் போனார். புயல் வந்தது. தேடப் போனவர்கள் ஒரு மிதவையைக்கூடப் பார்க்காமல் திரும்பினார்கள்.

உறவுக்காரர்கள் எல்லாம் அழுது முடித்துவிட்டார்கள். அண்ணி மட்டும் அழவில்லை. யாராவது "அவர் இருந்தப்போ" என்று ஆரம்பித்தால், "போயிருக்காரு, வருவாரு" என்று பேச்சை வெட்டிவிடுவார். அவர் மனசை மாற்றும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்குப் பேச வந்தால் நான் ஏன் இஞ்சின் அறையில் குப்பை கொட்டுகிறேன்?

அன்று மத்தியானம் கரையோரம் கட்டியிருந்த என் படகுக்கு அண்ணி தானாகவே வந்தார். இஞ்சின் அறையில் இறங்கி, கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"சரியாவே தூக்கம் வர்றதில்ல தம்பி."

"ஏன் அண்ணி?"

"லைட்டை அணைக்க எழுந்திரிக்க வேண்டியதில்லையே. அதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் விளக்கை எரியவிட்டே தூங்குகிற ஜென்மம். எத்தனை சண்டை போட்டாலும் கடைசியில் அண்ணிதான் எழுந்து அணைக்க வேண்டும்.

பேச வேண்டியதைப் பேசாமல் வேலையில் தலையை விட்டுக்கொண்டேன். ஜெனரேட்டரைப் பிரித்து மாட்டியிருந்தேன். புதிதாக அளவு வைக்க வேண்டும். படகின் சுவிட்சுகளை எல்லாம் அணைத்தேன். இஞ்சினைக் கிளப்பி, கவர்னர் நட்டைத் திருகி, வேகத்தை ஐம்பத்திரண்டுக்குக் கொண்டுவந்தேன். லோடு ஏறினால் ஐம்பதுக்கு இறங்கிவிடும். பிறகு சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி வோல்டேஜை இருநூற்று முப்பதில் நிறுத்தினேன்.

எங்கள் ஹெர்ட்ஸ் மீட்டர் பழைய மாதிரி. முள் கிடையாது. வரிசையாகச் சின்னச் சின்ன இரும்பு நாக்குகள், நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வரை. எந்த வேகத்தில் ஓடுகிறதோ அந்த நாக்கு மட்டும் துடிக்கும். ஐம்பத்திரண்டு நன்றாகத் துடித்தது. கூடவே நாற்பத்தேழும் துடித்தது.

நாக்கு லூசாகியிருக்கும் என்று இஞ்சினை நிறுத்தினேன். ஐம்பத்திரண்டு அடங்கியது. நாற்பத்தேழு அடங்கவில்லை. மீட்டரின் பின்பக்க ஒயரைக் கழற்றினேன். அப்போதும் அது நிற்கவில்லை.

அண்ணி எழுந்து பக்கத்தில் வந்தார். "அது அவரோட நம்பர் தானே?"

கொஞ்ச நேரத்தில் துடிப்பு நாற்பத்தாறுக்கு இறங்கியது. இஞ்சின் திணறினால் அப்படித்தான் இறங்கும். நாற்பத்தைந்துக்குக் கீழே மீட்டரில் நாக்கே கிடையாது.

"விழுது தம்பி. தாங்கிப் பிடிக்க முடியாதா?"

முடியும். ஒரே லைனில் இரண்டு ஜெனரேட்டர் இருந்தால், ஒன்றின் பாரத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எங்கே லைன்? என் படகுக்கும் அண்ணனுக்கும் நடுவில் கடல்தான் இருந்தது. புத்தி இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, கை ஒயரைத் திரும்ப மாட்டி இஞ்சினைக் கிளப்பிவிட்டது.

நட்டைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்தேன். அதற்குள் நாற்பத்தைந்துக்கு இறங்கியிருந்த அந்தத் துடிப்பும் என் துடிப்பும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த நொடியே இஞ்சின் உறுமியது. ஒரு சுவிட்சும் போடாத படகில், லோடைக் காட்டும் ஆம்பியர் முள் பாதிக்கு மேல் ஏறி நின்றது. புகைபோக்கி கறுப்பாகக் கக்கியது. நட்டை இறுக்கி நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று தூக்கினேன்.

"அங்கேயே விடுங்க. அம்பதுக்குப் போனா உங்க அண்ணன் திட்டுவாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். பயந்துகொண்டேதான் சிரித்தோம்.

பிறகு ஆம்பியர் முள் ஒரு படி இறங்கியது. அவ்வளவு பெரிய இறக்கம் கம்ப்ரசர்தான். வேலை முடிந்தால் நாங்கள் முதலில் அணைப்பது அதைத்தான். லோடு குறைந்ததும் வேகம் ஏறப் பார்த்தது, நான் நட்டைத் தளர்த்தி நாற்பத்தேழிலேயே பிடித்தேன். அடுத்து வலை இழுக்கும் மோட்டார் போனது. அடுத்து ஃபேன்.

கடைசியாக அணைந்தது அடித்தளத்துத் தண்ணீரை இறைக்கும் பம்ப். நடுக்கடலில் அதை யாரும் அணைக்க மாட்டார்கள், அணைத்தால் தண்ணீர் ஏறிப் படகு மூழ்கிவிடும். அது நின்றால் என்ன அர்த்தம் என்று நான் அண்ணிக்குச் சொல்லவில்லை.

முள் பூஜ்ஜியத்துக்கு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மயிரிழை அளவு மேலே நின்றது. ஒரு பல்பு எரியும் அளவு.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்த மயிரிழை அசையவில்லை. டேங்கில் டீசல் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. கரைக்குப் போய் வாங்கிவரட்டுமா என்று கேட்டேன். எத்தனை நாளானாலும் ஓட்டியிருப்பேன், சத்தியமாக ஓட்டியிருப்பேன்.

அண்ணி மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம் தம்பி. அவரு தூங்கிட்டாரு." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். "என்னைக்குத்தான் அணைச்சிட்டுப் படுத்திருக்காரு? எதைத் திருப்பணும், காட்டுங்க."

இஞ்சினை நிறுத்தும் பிடியைக் காட்டினேன். அவர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்தவர் போல, சலித்துக்கொண்டே அதை இழுத்தார்.

இஞ்சின் நின்றது. துடிப்பு நாற்பத்தாறு, நாற்பத்தைந்து என்று இறங்கி ஓய்ந்தது. இந்த முறை எந்த நாக்கும் அசையவில்லை. படகின் பக்கவாட்டில் தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்டது.

அண்ணி ஏணியில் பாதி ஏறியதும் நின்றார்.

"எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லுங்க தம்பி. நான் இன்னும் அழவே இல்ல."