தங்க லைனில் ஒரு குளிர்த்தகடு

ஆகஸ்டில் பஸ்ராவில் மனிதனுக்கும் கணினிக்கும் ஒரே வியாதிதான். மத்தியானம் ஒரு மணி ஆனால் இரண்டும் படுத்துவிடும். ஈனாஸின் கணினி மூன்றாவது நாளாக அப்படிப் படுத்தபோது அவள் அதைத் திட்டக்கூட இல்லை. ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது இங்கே நடக்காது, வடக்கே மலைக்குளிரில், சுலைமானியாவில் அண்ணன் ஸர்மத்திடம் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, அங்கே போய் முடிக்கிறேன் என்றாள்.

என் மனைவியின் ஆராய்ச்சி, கடலின் உப்பு எங்கள் ஆற்றில் எவ்வளவு தூரம் ஏறும் என்பது. அந்தக் கணக்கைக் கணினி பத்தொன்பது நாள் போட வேண்டும். ஒவ்வொரு நாளின் விடையும் அந்த நாளின் முடிவில்தான், கணினியில் செருகியிருக்கும் தனி டிஸ்கில் பதிவாகும். நடுவில் அணைந்தால் அன்றைய உழைப்பு போச்சு. பல்கலைக்கழகம் மாதக் கடைசிவரைதான் பொறுக்கும். பதினோரு நாள் முடிந்திருந்தது.

அவள் போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் பிறந்த எங்கள் ஸினான் ஆறு நாள்தான் இருந்தான். இதயத்தில் ஓட்டை. அதன்பின் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மிச்சமிருந்தது அந்த உப்புக் கணக்கு மட்டும்தான். நான் அழவில்லை. சாப்பிட்டேன், துறைமுகத்துக்கு வேலைக்குப் போனேன், வந்தேன். மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல நாட்களை இழுத்தேன். ஆனால் அவள் போகக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சரி பண்ணித் தருகிறேன், இரண்டு நாள் கொடு என்றேன். சரி என்றாள்.

குளிர்த்தகடு என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம். மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் சில்லிடும், மறுபக்கம் கொதிக்கும். சில்லிடும் பக்கத்தைக் கணினியின் மூளை மேல் அழுத்தி, கொதிக்கும் பக்கத்துக்குப் பெரிய விசிறி வைத்தால் வேலை முடிந்தது. அதற்குத் தீனி போடும் பவர் சப்ளைதான் வேண்டும். அஷார் சந்தையில் ஜாஸிபின் கடைக்குப் போனேன்.

"வா, அபூ காயிப்" என்றார். பிள்ளையில்லாதவனை எங்கள் பக்கத்தில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள், இன்னும் வராதவனின் அப்பா என்று. பிப்ரவரியில் ஆறு நாள் இதே மனுஷர் என்னை அபூ ஸினான் என்று கூப்பிட்டு இனிப்பு வாங்கித் தின்றார். சொன்னபின் அவருக்கே உறைத்துவிட்டது போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியைக் குடைந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முப்பது ஆம்பியர் பெட்டி ஒன்றை எடுத்து வைத்து, ஆம்பியர் கூடக்கூடக் குளிர் கூடும் என்றார். தெரு ஜெனரேட்டரில் ஆம்பியர் கணக்கில் மின்சாரம் வாங்கியே எங்கள் ஊருக்கு உலகமே ஆம்பியராகத் தெரிகிறது. தகடு தனக்கு வேண்டிய ஆம்பியரைத்தான் இழுக்கும், நாம் பார்க்க வேண்டியது வோல்ட் என்றேன். இந்தத் தகடு பதினைந்து வோல்ட் தாங்கும். ஆனால் பதினைந்தும் கொடுத்தால் குளிர்வதைவிடத் தானே சூடாவதுதான் அதிகம். பன்னிரண்டு போதும். தகட்டுக்கு எட்டு ஆம்பியர் வீதம் பதினாறு. கொஞ்சம் மூச்சுவிட இடம் வைத்து, பன்னிரண்டு வோல்ட், இருபது ஆம்பியர். மூன்று பெட்டிகளை அங்கேயே ஓட்டிப் பார்த்து, சுமை ஏறியும் வோல்ட் இறங்காத ஒன்றைப் பொறுக்கினேன்.

"பொண்ணு பார்க்கப் போனப்பகூட நீ இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டய்யா" என்றார் ஜாஸிப்.

பெட்டி சரியாகத்தான் அமைந்தது. அதை எங்கே செருகுவது என்பதில்தான் கோட்டைவிட்டேன். வீட்டில் இரண்டு லைன். ஒன்று அரசாங்க மின்சாரம். இரண்டு மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் போகும். இன்னொன்று ஜெனரேட்டர்காரரின் தங்க லைன். இருபத்துநாலு மணி நேரமும் நிற்காது, ஆனால் ஃப்ரிட்ஜும் மின்விசிறியும் போக எனக்கு மிச்சம் ஒரே ஒரு ஆம்பியர். கணினி, தகடு இரண்டில் ஒன்றைத்தான் அது தாங்கும். கணினி ஓடும்போது தகடு நின்றால் ஐந்தே நிமிஷத்தில் மூளை வெந்துவிடும். அதனால் தகட்டைத் தங்க லைனில் போட்டேன். கணினியை அரசாங்க லைனில், நாலு மணி நேரம் தாங்கும் பேட்டரியோடு விட்டேன். கரண்டு போனால் என்ன ஆகும் என்று யோசித்தே வளர்ந்தவன் நான். போகாவிட்டால் என்ன ஆகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஐந்து நாள் ஓடியது. அறையில் நாற்பத்தாறு டிகிரி, கணினி முப்பதில் நின்றது. பதினாறாவது நாளின் விடை பதிவானபோது ஈனாஸ் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டாள். பிப்ரவரிக்குப் பிறகு அது முதல் தடவை. குடித்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று புரிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் ஷர்ஜி வீசியது, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று. காலை ஆறு மணிக்கு எங்கோ லைன் அறுந்து அரசாங்க மின்சாரம் போனது, மத்தியானம்வரை வரவில்லை. பத்து மணிக்குப் பேட்டரி தீர்ந்து கணினி அணைந்தது. தகடு அணையவில்லை. சூடு கொடுக்க ஆளில்லாமல் அது தன்பாட்டுக்குக் குளிர்ந்துகொண்டே போனது. நாலு மணிக்கு நான் வேலையிலிருந்து வந்தபோது தகட்டில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. போர்டு முழுக்கத் தண்ணீர். கரண்டு திரும்பி வந்ததும் கணினி தானே எழ முயன்றிருக்கிறது. கருகிய வாடை அடித்தது.

ஈனாஸ் வகுப்பு எடுத்துவிட்டு வந்தாள். நான் ஹேர் டிரையரோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். டிஸ்கையாவது பார்க்கலாம் என்று தேடினால், மேஜையை விட்டு நகராத அந்த டிஸ்க் அங்கே இல்லை. அவள் அதைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பதினாறு நாளும் பத்திரம், காலையில் கையோடு எடுத்துப் போனேன் என்றாள். ஸர்மத்துக்குப் போன் போட்டு மறுநாள் விமானத்தில் வருவதாகச் சொன்னாள்.

துணிகளை மடித்துக்கொண்டிருந்தவளிடம், தங்க லைனில் போட்டது என் தப்பு, இரண்டையும் ஒரே சுவிட்சில் கட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"நான் பதினோரு மணிக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன், முஸன்னா."

எனக்குப் புரியவில்லை.

"தண்ணி சொட்டிட்டிருந்தது. பார்த்தேன். டிஸ்கைக் கழட்டி எடுத்துக்கிட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்."

தகட்டின் பிளக் கதவுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். அவள் அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நெஞ்சில் வலிதான் வந்தது. பிப்ரவரியில் வந்திருக்க வேண்டிய வலி.