எதை நிறுத்தினான்?

விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அவளை எல்லோரும் சுருக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். துணியில் ஒரு சுருக்கம் தங்கவிட மாட்டாள். பேச்சிலோ சுருக்கத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஒரே மகனோடு சண்டை போட்டபோதும் அப்படித்தான். கடல் தாண்டி வேலைக்குப் போனவன், அங்கேயே தமிழ் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்ட பிறகுதான் போனில் சொன்னான்.

"கேக்காம கட்டிக்கிட்டவனுக்கு அம்மா எதுக்கு? வை போனை."

அவனும் அவள் வயிற்றில் பிறந்தவன்தானே, ரோஷத்துக்குக் குறைச்சலா? அதோடு போன் நின்றது.

வருஷம் திரும்புவதற்குள் சாவுச் செய்தி வந்தது. சாலையோரம் நின்றிருந்தவனை லாரி அடித்துவிட்டது என்று அவனோடு வேலை பார்த்த ஒருவன் சொன்னான். காரை ஓட்டிப் போனவன் நடுவழியில் எதற்கு இறங்கினான் என்று அவனுக்கும் தெரியவில்லை. அடக்கம்கூட அங்கேயே முடிந்தது. முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பிறகு மருமகள் போனில் பேசினாள். அழுகைக்கு நடுவே ஏதோ இங்கிலீஷ். ஸ்டாப், கால், யூ என்ற மூன்று சொற்கள்தான் சுருக்கம்மாவின் காதில் தங்கின. பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவளிடம் அர்த்தம் கேட்டாள்.

"உனக்குப் போன் பண்றதை நிறுத்திட்டான்னு சொல்றா போல" என்றாள் அவள்.

தெரிந்த சங்கதிதான். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சொல்லிக்காட்டுகிற வார்த்தையா அது? சுருக்கம்மா எரிச்சலோடு இஸ்திரிப் பெட்டியை அடுத்த விரிப்பில் வைத்து அழுத்தினாள்.

பேத்தி பிறந்த பிறகு அந்த எரிச்சலும் அடங்கியது. மருமகள் அனுப்பிய படத்தில் பார்த்தால் குழந்தைக்கு அச்சு அசலாக மகனுடைய காது. அதனிடம் நாலு வார்த்தையாவது பேச வேண்டாமா? நூலக மாடியில் பெரியவர்களுக்கு மாலையில் நடந்த இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

ஒருநாள் டீச்சர் பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதினாள்.

"ஹீ ஸ்டாப்டு ஈட்டிங்னா, சாப்பிடுறதையே நிறுத்திட்டான். ஹீ ஸ்டாப்டு டு ஈட்னா, பண்ணிட்டிருந்ததை நிறுத்தினான், சாப்பிடுறதுக்காக. ஒரு இடத்துல 'இங்', ஒரு இடத்துல 'டு'. அர்த்தம் அப்படியே தலைகீழ்."

"அப்போ எங்க மாமனாருக்கு எப்பவும் ரெண்டாவதுதான்" என்றான் பின்வரிசை எலக்ட்ரீஷியன். வகுப்பே சிரித்தது.

சுருக்கம்மா சிரிக்கவில்லை. "டீச்சர், அதுல 'கால்' போட்டா?"

"ஹீ ஸ்டாப்டு காலிங் யூ. உங்களுக்குப் போன் பண்றதை விட்டுட்டான். ஹீ ஸ்டாப்டு டு கால் யூன்னா, உங்களுக்குப் போன் பண்ணணும்னு நின்னான்."

சுருக்கம்மா தட்டுத்தடுமாறி எழுந்து வெளியே போனாள். மாடிப்படியில் நின்றபடி மருமகளை அழைத்தாள்.

"ஹீ ஸ்டாப்டு காலிங் மீ? ஆர்... டு கால் மீ?"

மறுமுனையில் உடைந்த குரல் வந்தது. "டு கால், அம்மா. டு கால் யூ."

அதற்கு மேல் அவள் சொன்னது சுருக்கம்மாவுக்குப் புரியவில்லை. பின்னாலேயே வந்துவிட்ட டீச்சரிடம் போனை நீட்டினாள். டீச்சர் கேட்டுக் கேட்டு மெதுவாகச் சொன்னாள்.

"குழந்தை உண்டாகியிருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுதாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றப்போ, 'வீடு வரைக்கும் பொறுக்காது, அம்மாகிட்ட இப்பவே சொல்லணும்'னு காரை ஓரங்கட்டியிருக்காரு. அழுதுடுவோம், இவ பாக்கக் கூடாதுன்னு இறங்கிப் போனாராம். போனைக் கையில எடுத்ததைப் பாத்துட்டே இருந்தாளாம்..." டீச்சர் போனைத் தாழ்த்தினாள். "அவர் உங்களை மறக்கலைம்மா."

"மறந்து தொலைச்சிருக்கலாமே டீச்சர்!" சுருக்கம்மா படியில் சரிந்து உட்கார்ந்தாள். "பாவி, என்னை மறந்திருந்தா நேரா வீட்டுக்குப் போயிருப்பானே. எங்கயோ உசுரோட இருந்திருப்பானே!"

டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். போனில் "அம்மா, அம்மா" என்று மருமகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சுருக்கம்மா அதை வாங்கிக் காதில் வைத்தாள். பதில் சொல்ல வாயெடுத்தால் இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அந்தப் பக்கம் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. மாமியார், மருமகள், பேத்தி மூன்று பேரும் அழுதார்கள்.