பச்சை முகம்

சகாயம்மாள் டீச்சருக்கு மலையாண்டி ஆசாரியின் மேல் முதல் நாளிலிருந்தே நம்பிக்கை இல்லை. காரைக்குடியில் அம்மன் கோயில்களுக்கு வாகனம் செதுக்குகிறவரிடம் போய் வியாகுல மாதா சுரூபம் செய்யக் கொடுப்பார்களா? பங்குச் சாமியார்தான், "வேலை தெரிஞ்ச ஆளும்மா" என்று முடித்துவிட்டார். அது அறுபத்தெட்டாம் வருஷம். திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் காளையார்கோவிலில் பஸ் ஏறி அவர் பட்டறைக்குப் போனாள். தேக்கில் செதுக்கிய மாதா வெள்ளைப் பூச்சோடு நின்றிருந்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அவள் கிளம்பும்போது ஆசாரி ஒரு துணியை எடுத்து மாதாவின் முகத்தை மூடினார்.

"தூசி படியும், டீச்சர்."

தூசிக்குப் பயந்தா, எனக்குப் பயந்தா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் போனாள். ஆசாரி டீக்கடைக்குப் போயிருந்தார். துணியை விலக்கினாள். மாதாவின் முகமும் கழுத்தும் கைகளும் பச்சைப் பசேல் என்று இருந்தன. பச்சை மேனி யாருக்கு என்று மதுரைப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். மீனாட்சியைச் செய்து மாதா என்று நம் தலையில் கட்டப் பார்க்கிறான்!

மறுநாள் பூசை முடிந்ததும் சாமியாரைக் கையோடு பட்டறைக்கு அழைத்து வந்துவிட்டாள்.

"இந்தா பாருங்க, சாமி. நான் சொன்னப்ப நம்பலையே!"

ஆசாரி முகம் சுண்டிப்போனது. "இங்குட்டு வாங்க ரெண்டு பேரும்" என்றார். வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு பலகைத் துண்டை எடுத்துத் தோல் நிறத்தை மெல்லிசாகத் தீற்றினார். அதே தூரிகையால் மாதாவின் இடது கன்னத்தின் பச்சை மேலும் தீற்றினார்.

"இப்பப் பாருங்க. வெள்ளை மேல போட்டா பொம்மையாத்தான் இருக்கும். சந்தைக்கடைப் பொம்மை. பச்சை அடியில இருந்தாத்தான் ரத்தம் வத்துன முகம் வரும். மகனைப் பறிகுடுத்த தாய்னு சொன்னீகள்ல?"

சகாயம்மாள் பார்த்தாள். கண்மாயில் பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு மூன்று நாள் சுவரில் சாய்ந்தே கிடந்த அவள் அக்காவின் கன்னம் அது. அப்படியே இருந்தது.

"தப்பா நினைச்சுட்டேன்" என்றாள்.

"இருக்கட்டும், டீச்சர். மத்தவுக எல்லாம் என்னைக்கு முடியும்னு மட்டும்தான் கேட்டாக. நீங்க வந்து பார்த்தீக."

திருவிழாவுக்கு முதல் நாள் மாதா பீடமேறினாள். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் தைரியநாதன் இப்படியும் அப்படியும் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "முகத்துல களையே இல்லையே. அந்த ஆள் எதையோ கலந்திருக்கான், டீச்சர். நம்ம ஆளுக இல்லைல்ல." கையில் ரோஸ் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் இருந்தன.

அடியில் இருக்கும் பச்சையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். இவரிடம் சொன்னால் விடிவதற்குள் ஊரே சுரண்டிப் பார்த்துவிடும்.

"அதை இப்படிக் குடுங்க" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு போய், பள்ளிக்கூட பீரோவில் வைத்துப் பூட்டினாள்.