வரண்டியின் கடைசி வெள்ளி

இறம்பொடை வளைவில் ஸ்டியரிங்குக்கு முன்னால் அந்தச் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது நிரஞ்சன் பெடலை இன்னும் அழுத்தினான். பின் சீட்டில் இரண்டு வெள்ளைக்காரர்கள் அருவியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காரோ ஏற்றத்தில் இழுக்க மாட்டாமல் முனகியது. எப்படியோ அவர்களை நுவரெலியாவில் இறக்கிவிட்டு, அப்படியே கொட்டகலையில் மெக்கானிக் கந்தப்பன் பாஸின் கராஜுக்கு உருட்டிக்கொண்டு போனான். அன்று செவ்வாய். வரண்டி வெள்ளியோடு முடிகிறது.

ஆசை ஆசையாய் வாங்கிய கார் ஐயா அது! பெட்ரோலும் பட்டரியுமாக ஓடுகிற ஜப்பான் கார். தோல் சீட்டு, மூடினால் சத்தமே வராத கதவு. பத்து வருடம் அடுத்தவன் வேனை ஓட்டியவன், இப்படியொரு கார் இருந்தால் பெரிய ஹோட்டல்கள் சுற்றுலா ஆட்களைத் தரும் என்று நம்பி, மனைவி சுலக்ஷனாவின் தாலிக்கொடியையும் விற்றுத்தான் வாங்கினான். அவள் கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறு. கண்டியில் காரை விற்றவர்கள், "கப்பலில் இருந்து நேரே இறங்கியது, பட்டரி அதன் சொந்தப் பட்டரி" என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். ஒரு வருட வரண்டியும் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வருடத்தில் தண்ணீர்ப் பம்ப் போயிற்று. அது வரண்டியில் இல்லை. பிரேக் பெட்டி போயிற்று, அதுவும் இல்லை. எது கெடாதோ அதற்குத்தான் வரண்டி கொடுப்பார்கள் போலிருக்கிறது. பட்டரி ஒன்றுதான் கொட்டை எழுத்தில் இருந்தது. அதுதான் இப்போது படுத்துவிட்டது. புதிது போடுவதென்றால் காரில் பாதியை விற்றுத்தான் போட வேண்டும்.

கந்தப்பன் பாஸ் பின் சீட்டின் ஓரத்தில் இருந்த சின்னக் கம்பி வலையில் டோர்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

"என்னா தம்பி இது, உள்ள திருநூறா கொட்டிக் கெடக்கு? சாம்பிராணி கரி வேற."

"எங்க பாஸ்?"

"பட்டரி சூடு தணிய காத்து இழுக்கிற வழி இது. இதுக்குள்ள யாரு கோயில் கட்டுனது? வரண்டிகாரன் கண்டா, நீதான் கெடுத்தேன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவான்."

"கழட்டித் துப்புரவு பண்ணிருங்களேன்."

"பண்ணலாம். உள்ள இருக்கிற காத்தாடியிலயும் பட்டரிப் பெட்டி மூடியிலயும் அவனுங்க சீல் ஒட்டியிருக்கானுங்க. அத உடைச்சா அப்பயும் வரண்டி இல்ல. எந்தப் பக்கம் போனாலும் பள்ளந்தான் தம்பி."

திருநூறு போட்டது யாரென்று கேட்கவே வேண்டாம். வெள்ளி தவறாமல் சுலக்ஷனா காருக்குள் சாம்பிராணி காட்டுவாள். அந்த வலையை ஏசிக் காற்று வரும் ஓட்டை என்று நினைத்து, அதில் ஒரு சிட்டிகை திருநூறு போடுவாள். போட்டால் காற்றோடு வண்டி முழுக்கப் பரவுமாம். அது காற்றை ஊதுகிற வழியல்ல, உறிஞ்சுகிற வழி என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? வெள்ளிதோறும் பக்கத்தில் நின்று நெற்றியை நீட்டிய நிரஞ்சனுக்கே தெரியாதே!

ஆனால் கோபத்துக்கு நியாயம் ஏது? லிந்துலையில் வீட்டுக்குள் கால் வைத்ததுமே வெடித்தான்.

"வண்டிக்குப் பூச பண்ணுனியா, கருமாதி பண்ணுனியா?"

அவள் ஒன்றும் புரியாமல் மாவுக் கையோடு நின்றாள். விஷயத்தைச் சொன்னான். சொன்னதோடு விட்டிருக்கலாம்.

"ஒன் கை பட்டது எதுதான் வெளங்கிச்சு?"

சுலக்ஷனா அழவில்லை. தன் கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போய் ரொட்டி தட்டினாள்.

புதனும் வியாழனும் அவனுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடுவீட்டுக்கும் காருக்குமாக நடந்தான். சைக்கிள் பம்பால் வலைக்குள் காற்றடித்துப் பார்த்தான். சாம்பல் இன்னும் உள்ளே போனதுதான் மிச்சம். பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றை விட்டுக் குடைந்தான். மயிர் இரண்டு உள்ளே விழுந்தது. போகாமலே இருந்துவிடலாமா என்றும் நினைத்தான். போகாவிட்டால் வரண்டி செத்துவிடும். போனால் அவமானம். அவள் சாப்பாடு எடுத்து வைத்தாள், தேத்தண்ணீர் கொடுத்தாள், உடனே அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். வீட்டில் என்னவோ குறைந்தது போல் இருந்தது. அது என்னவென்று யோசிக்க அவனுக்கு அப்போது நேரமில்லை.

வெள்ளி விடியலில் புறப்பட்டான். ஏற்றத்தில் முனகி முனகி நுவரெலியாவைத் தாண்டியதும், இறக்கத்தில் கார் தன் பாட்டுக்குத் தவழ்ந்தது. இறம்பொடை ஆஞ்சநேயரைத் தாண்டும்போது வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் போனது அன்றுதான் முதல் தடவை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? கம்பளை வருமுன் முக்கோணத்தோடு இன்னொரு விளக்கும் சேர்ந்துகொண்டது. அதைப் பார்க்காமலிருக்க அதன் மேல் கைக்குட்டையைப் போட்டான்.

கண்டியில் கார் விற்ற இடத்து மனேஜர் கடதாசிகளைப் புரட்டி, "கடைசி நாள்ல வந்திருக்கீங்க," என்றார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான்; ஐயாவுக்கு மாத்தயா, தம்பிக்கு மல்லி. நிரஞ்சன் பல்லைக் காட்டினான். வேறென்ன செய்வது?

நரைத்த தலை மெக்கானிக் ஒருவர் பின் சீட்டைக் கழற்றினார். நிரஞ்சனைக் கண்ணாடிக்கு அப்பால் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். கொடுத்த தேத்தண்ணீர் ஆடை படிந்து ஆறியது. கடைசியில் பொறுக்காமல் உள்ளே போய்க் காரின் பக்கத்திலேயே நின்றான்.

காற்றாடியின் சீலை உடைத்து அதை வெளியே எடுத்ததும் மெக்கானிக்கின் விரலெல்லாம் வெள்ளை. மனேஜர் குனிந்து முகர்ந்து பார்த்தார். சாம்பிராணி வாசனை தீர்ப்பை அவருக்கு எடுத்துக் கொடுத்தது.

"கோயில் சாம்பல்! மாத்தயா, இது நீங்க செஞ்ச வேல. வரண்டி கெடையாது."

நிரஞ்சன் சீல் ஒட்டிய பட்டரிப் பெட்டியைக் காட்டினான். "சேர், சாம்பலால பட்டரி சாகுமா? பெட்டியத் தெறந்து பாருங்க சேர்," என்று கெஞ்சினான். கெஞ்சியது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"தெறக்கத் தேவையில்ல."

"தெறந்துதான் எழுதணும் சேர். ரிப்போட்டுல கையெழுத்து நான்தானே போடுறேன்," என்றார் மெக்கானிக். பெட்டி மூடியின் சீல் முழுதாக இருப்பதை மூவரும் பார்க்கும்படி தடவிக் காட்டிவிட்டு, கத்தியால் கீறி மூடியைத் தூக்கினார்.

தூக்கியவர் அப்படியே நின்றார். நிரஞ்சன் எட்டிப் பார்த்தான். பட்டரியின் இரும்புப் பிடியில் ஒரு நூல். விகாரையில் பிக்குமார் பிரித் மந்திரம் ஓதிக் காப்பாகக் கட்டுகிற வெள்ளை நூல். பழுப்பேறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

நிரஞ்சனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மூன்று நாளாகக் கொதித்த இரத்தமெல்லாம் ஒரே இடத்துக்கு வந்தது.

"சேர், இது ஜப்பான்ல இருந்து நேரா வந்த பட்டரிதானே?"

மனேஜர் கையிலிருந்த கடதாசிகளை மறுபடி புரட்டினார்.

"ஜப்பான்காரனும் பிரித் நூல் கட்டுவானா சேர்?"

"ஒங்க ஊர்ல யாராச்சும் தெறந்து…" என்று இழுத்தார் மனேஜர்.

"சீல் ஒங்க சீல். இப்பதானே ஒங்க ஆளு உடைச்சாரு? நான் போட்ட சாம்பல் வெளிய கெடக்கு. இந்த நூலு உள்ள கெடக்கு. யாரோட பட்டரிய என் வண்டியில வச்சீங்க?"

மெக்கானிக் தலையைத் தூக்காமல், "மல்லி, சாம்பலால இது சாகல. இது ஏற்கனவே செத்தது. ரெண்டு செல் மாத்தி ஒட்டுப் போட்டிருக்கு," என்றார். மனேஜர் அவரை எரித்துவிடுவது போல் பார்த்தார். சொன்னது சொன்னதுதான்.

அதற்குப் பிறகு மனேஜரின் குரலில் தேன் வடிந்தது. "சத்தம் போட வேணாம், புதுப் பட்டரியே போட்டுத் தாரோம், திங்கக்கெழம வாங்க." நிரஞ்சன் விடவில்லை. எழுதிக் கையெழுத்து வாங்கினான். நூலோடு பட்டரியைப் படமும் எடுத்துக்கொண்டான்.

காரை அங்கேயே விட்டுவிட்டு, கண்டி பஸ் நிலையத்தில் நிற்கும்போதுதான் அந்த நூல் அவன் மனதை அறுக்கத் தொடங்கியது. எங்கேயோ ஒரு வீட்டில் இதே முக்கோணம் எரிந்திருக்கிறது. யாரோ ஒருத்தி விகாரைக்கு ஓடி நூல் வாங்கி வந்து கட்டச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய கையையும் ஒருவன் குறை சொல்லியிருப்பானோ? சீ, நானும் ஒரு மனுசனா என்று இருந்தது. வீட்டுக்கு அழைத்தான்.

"சுலக்ஷனா, புதுப் பட்டரி தாராங்க புள்ள. அது பழைய பட்டரி, ஏமாத்தி வித்திருக்கானுங்க. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல."

"சரிங்க."

"நான் பேசுனதுதான் தப்பு. கோவத்துல வாய் தவறிருச்சு."

அதைச் சொன்ன பிறகுதான் வீட்டில் குறைந்தது என்னவென்று அவனுக்கு உறைத்தது. செவ்வாயிலிருந்து சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரியவில்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம," என்றான் தயங்கித் தயங்கி. "வெளக்க ஏத்திரு புள்ள."

"நீங்க வந்து ஏத்துங்க," என்றாள் சுலக்ஷனா. "திரியெல்லாம் போட்டு வச்சிருக்கேன். என் கை பட வேணாம்."