முறையீட்டுக்குள் இருந்த சான்று

மேற்கடலில் ஞாயிறு சாய்ந்துகொண்டிருக்க, உப்புக்காற்றுத் தென்னந்தோப்புகளைத் துழாவி வீச, இழுத்து உலர்த்திய கரைவலைகள் உடப்புக் கடற்கரை நெடுகிலும் கருமையாய் விரிந்து கிடந்த தைத்திங்கள் மாலை அது. போர் ஓய்ந்து மூன்றாம் ஆண்டு. வலையிழுக்க வடகடலுக்குப் போய் அங்கேயே சிக்குண்டவருள் மீண்டவர் மீண்டுவிட்டனர். மீளாதவரைப் பற்றி, அன்பரே, ஊர் வாய்திறப்பதில்லை. அவ்வேளையில் வெள்ளைத்தாள் ஒன்றின் முன் அமர்ந்து, எழுதுகோலின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள் மயூரதி.

உயர்தர வகுப்புக்கு இலக்கியம் கற்பிப்பவள் அவள். வடக்கிலிருந்து மீண்டவருள் ஒருவனான அவள் கணவன் அருள்குமரனோ, வலைக்கு உரிமையாளரான மார்க்கண்டுச் சம்மாட்டியாரிடம் கயிறு இழுப்பவன். வலை கடலுக்குள் கிடக்கையில் கயிற்றைக் கைவிட்டவன் அப்பருவம் முழுதும் எவ்வலையிலும் கைவைக்கலாகாது என்பது அக்கரை வழக்கம். பொங்கலுக்கு முதல்நாட் காலை, வலை பாதி ஏறிய நிலையில், அருள்குமரன் கயிற்றை விட்டான். விட்டதோடு நில்லாது, அறுபது கடந்த சம்மாட்டியாரை மணலிற் சாய்த்து அவர்மேல் விழுந்தான். வலை புரண்டது, மீனெல்லாம் போயிற்று. ஏனடா என்று கேட்டவர் எவருக்கும் அவன் மறுமொழி கூறவில்லை. கட்டிய மனைவிக்குங்கூடச் சொல்லவில்லை! சம்மாட்டியார் முறையீடு எழுதிக் கொடுத்தார். மறுமொழியும் எழுத்தில் வரட்டும், மறுநாட் காலை தீர்ப்பு என்றது ஊர்க்கூட்டம்.

"என் கணவர் நேர்மையாளர், பொறுமைமிக்கவர், பெரியோரைப் போற்றுபவர்" என்று ஒரு பக்கத்தை விறுவிறுவென நிரப்பிவிட்டுப் படித்துப் பார்த்தாள் மயூரதி. ஐயோ, இப்படி எழுதும் மாணாக்கருக்கு அவள் இடும் மதிப்பெண் பத்துக்கு இரண்டல்லவா! நற்பண்புகளை அடுக்குவது கதைமாந்தர் ஆய்வு ஆகாது. கூற்று ஒன்று வேண்டும், அதைத் தாங்கச் சான்று வேண்டும், தாங்கும் வகையைக் காட்ட விளக்கம் வேண்டும், எதிர்க்கூற்றுக்கும் முகங்கொடுத்தாக வேண்டும், செயலைக் கண்டவுடன் உள்நோக்கத்தைக் கண்டதாக எண்ணிவிடாதீர் என்று ஆண்டுதோறும் தொண்டை வறளக் கத்துபவள் அவளேதான். தாளைக் கிழித்துப் போட்டாள். சான்று தேடி, சம்மாட்டியாரின் முறையீட்டுப் படியையே எடுத்து விரித்தாள்.

"பொங்கலுக்குப் பொடியன்கள் கொளுத்தின சீனவெடி கேட்டதும் பாய்ஞ்சு வந்து என்னை விழுத்தினான். ரெண்டு கையாலயும் என்ர தலையைப் பொத்தி மணலுக்குள்ள அமுக்கினான். வெடி ஓயுமட்டும் எழும்ப விடல்ல."

மும்முறை படித்தாள். அடிக்க வந்தவன் தலையைப் பொத்துவானேன்? வெடி ஓயும்வரை காத்திருப்பானேன்? எழுந்துபோய், முற்றத்தில் வெறுங்கையோடு அமர்ந்திருந்த கணவன் முன் நின்றாள்.

"ஷெல் வந்து விழுகுது எண்டு நினைச்சிட்டீங்க, என்ன? அவரைக் காப்பாத்தத்தானே விழுந்தீங்க?"

"அதை எழுதாத, மயூரதி," என்றான். "அடிச்சவன் எண்டா அடுத்த வருசம் இடம் தருவாங்க. வெடிக்குப் பயந்தவன் எண்டு தெரிஞ்சா, பிறகு ஆர் என்னைக் கயித்தில நிக்க விடுவாங்க?"

எத்துணை வலிய எதிர்க்கூற்று, பார்த்தீரா! எழுதினால் அவன் மானம் போகும். எழுதாவிடில், முதியவரை அடித்த கயவன் என்னும் பழி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் அல்லாடி, அழுது, முகங்கழுவி, ஈற்றில் அவன் சொல்லை மீறியே எழுதினாள்.

மறுநாட் காலை, கூடியிருந்தோர் முன் அவளே எழுந்து படித்தாள். அருள்குமரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அச்சமுற்றவன் கயிற்றுக்கு ஆகான் எனலாம்," என்று எதிர்க்கூற்றையே முதலில் வைத்தாள், "ஆயின் அச்சமுற்றவன் ஓடுவான். இவர் ஓடவில்லை, அருகில் நின்றவரைத் தம் உடலால் மூடினார். அதற்குச் சான்று சம்மாட்டியாரின் எழுத்தே."

மார்க்கண்டு தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, இப்பிடிப் பொத்துறதுக்கு உனக்கு ஆர் பழக்கினது?"

"அண்ணன்," என்றான் அருள்குமரன். "முல்லைத்தீவில என்னைப் பொத்திக்கொண்டு மேல கிடந்தார். சத்தம் ஓய்ஞ்ச பிறகு எழும்புங்க எண்டன். எழும்பல்ல."

சம்மாட்டியார் தம் முறையீட்டைக் கேட்டு வாங்கி மடியிற் செருகினார். "விடிஞ்சா வலை போடுறம்," என்றார், எவரையும் பாராமல். "நீ வா."

கூற்றும் சான்றும் விளக்கமும் பிழையின்றி அமைந்த அத்தாள் மயூரதியின் கையிலேயே இருந்தது. கணவனின் அண்ணன் வடக்கில் மாண்டார் என்பதை அவள் அறிவாள். எவ்வாறு மாண்டார் என்று ஒருநாளேனும் கேட்டதில்லை. ஒரு மனிதனின் செயலை எவ்வளவு நுணுகிப் படித்தாலும், அதனுள் இன்னொருவர் உயிர்விட்டுக் கிடப்பதை அவனே சொன்னாலன்றி யார் அறிவார்? அத்தனை பேர் பார்த்திருக்க, அவள் கணவன் அருகில் போய் அமர்ந்து, அவன் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.