கைக்கண்ணாடி

தம்பிக்கு முடி வெட்ட வேண்டும். சாதாரண வேலைதான். ஆனால் ஏழு மாதமாக அக்காவால் அதை முடிக்க முடியவில்லை.

அவனுடைய மனநோய்க்கு மாத்திரை ஓரளவு கேட்டது. கண்ணாடி பயம் மட்டும் போகவில்லை. உள்ளே இருப்பவன் தன்னைக் கூப்பிடுகிறான் என்பான். கண்ணாடி இல்லாத சலூனுக்கு அவள் எங்கே போவாள்? மூன்று கடைகளில் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து ஓடியிருக்கிறான். வீட்டில் அவளே வெட்டிப் பார்த்தாள். எலி கடித்தது போலாகிவிட்டது. அதன்பிறகு தலையைத் தொடவே விடவில்லை.

நாளைக் காலை அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில் அவனுக்கு வேலை. மூன்று வருடத்துக்குப் பிறகு கிடைத்த வேலை. "முடிய ஒழுங்கா வெட்டிட்டு வரச் சொல்லுங்க. இல்லன்னா வேண்டாம்" என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இது நான்காவது கடை. தம்பியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள். இதையே சொல்லிச் சொல்லி அவளுக்கு வெட்கமெல்லாம் விட்டுப்போயிருந்தது.

கடைக்காரர் அப்போது ஒரு வாடிக்கையாளருக்குப் பாதி முகம் மழித்திருந்தார். "நாற்காலியத் திருப்பிப் போட்டா?"

"எதிர்லயும் கண்ணாடி இருக்கேண்ணே."

அவர் தலையைச் சொறிந்தார். பாதி முகத்துக்காரர்தான் முதலில் எழுந்தார். பெஞ்சில் காத்திருந்தவர் கையிலிருந்த பேப்பரை உருவி, தன் கன்னத்து நுரையை வழித்துத் தடவி, கண்ணாடியில் ஒட்டினார்.

"சார், நான் படிச்சிட்டிருக்கேன்!"

"இப்பவும் படிக்கலாம். நின்னுக்கிட்டே படிங்க."

காத்திருந்தவர் முணுமுணுத்துக்கொண்டே மிச்சத் தாள்களை எடுத்துப்போய் எதிர்ச் சுவரை மூடினார். முன்பின் தெரியாத மனிதர்கள். அக்கா தம்பியைக் கூப்பிட வாசலுக்கு ஓடினாள்.

தம்பி வந்து உட்கார்ந்தான். கத்தரி ஓடியது. பாதி முகத்துக்காரர் நுரை காயக் காய பெஞ்சில் பொறுமையாக இருந்தார். ஏழு மாத முடியும் தரைக்கு வந்தது.

கடைசியில் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தார் கடைக்காரர். முப்பது வருடக் கை அல்லவா, பின்கழுத்தைக் காட்ட அது தானாகக் கைக்கண்ணாடியை எடுத்துவிட்டது. தம்பி விறைத்துப்போய்ப் பாதி எழுந்துவிட்டான்.

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைக் கவிழ்த்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "பழக்கதோஷம் தம்பி, மன்னிச்சிடு. உங்க அக்காவே பாத்துச் சொல்லட்டும்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். முடிக்குள் மறைந்துகிடந்த முகம். இதை மறுபடி பார்ப்போம் என்ற நம்பிக்கையையே அவள் விட்டிருந்தாள்.

"நல்லாருக்காக்கா?"

ஆமாம் என்று சொல்லி அழைத்துப்போய்விடலாம். ஆனால் நாளைக்கு மேலாளர் பார்ப்பாரே.

"நல்லாருக்குடா. இடது காதுகிட்ட மட்டும் கொஞ்சம் கோணல்."

தம்பி வாசலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அதையும் சரி பண்ணிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.